சங்கல்பம் இல்லாத அஹிம்சை

ஹைதராபாத்தில் ஒரு கலியாண விருந்துக்குப் போய் உட்கார்ந்தவர் எவரும், பிரியாணி பரிமாறப்படுகிற வேளையில், பச்சை மிளகாய்கள் முழுதாகவே மிதக்கிற பழுப்புநிறக் குழம்பொன்று சிறு கிண்ணத்தில் தமக்கு எதிரே வந்து அமர்வதைக் கண்டிருப்பார். மிர்ச்சி கா ஸாலன் என்பது அதன் பெயர். வேர்க்கடலையையும் எள்ளையும் கொப்பரையையும் வறுத்து அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து இறக்குகிற அந்தக் குழம்பில், வழக்கமான செய்முறையின்படி, இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. நெய்யும் தயிரும் பாலும்கூட இல்லை. ஆட்டிறைச்சியும் அரிசியும் ஒரே தேக்சாவில் வெந்து மணக்கிற ஓர் உணவுக்குத் துணையாக, எந்தப் பிராணியிடமிருந்தும் எதையும் பெற்றுக்கொள்ளாத இந்தக் குழம்பு தலைமுறை தலைமுறையாகப் பரிமாறப்பட்டு வருகிறது. அதைச் சமைத்த பாவர்ச்சி ஜீவகாருண்யத்தை நினைத்துச் சமைக்கவில்லை. உண்பவரும் அதை நினைத்து உண்பதில்லை. அப்படியானால் அந்தக் கிண்ணத்தில் இருப்பது அறமா, அல்லது வெறும் குழம்பா?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், நினையாமல் செய்த நன்மை நன்மையாகுமா, தீமை செய்யாதிருத்தல் ஒன்றே அறம் ஆகிவிடுமா என்று இந்நாட்டு ஞானிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிய விஷயம் இக்கேள்வியின் அடியில் கிடக்கிறது. அந்த வாதத்தை ஏட்டில் மட்டும் படிக்காமல் இலையில் வைத்துப் பார்ப்பதற்கு, மாமிச போஜனத்துக்குப் பெயர்போன இந்த நகரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஸாலன் தனித்துப் பிறந்த குழந்தையன்று. அதே வேர்க்கடலை, எள், தேங்காய், புளி ஆகியவற்றின் கூட்டில் சிறு கத்தரிக்காய்களை முழுதாக வேகவைக்கும் பகாரா பைங்கன் அதன் உடன்பிறப்பு. நவாபுகளின் சமையற்கட்டை விட்டுத் தெலங்காணத்துக் குடியானவர் வீட்டுக்குப் போனால், அடுப்பில் ஏற்றாமலே புளித்தண்ணீரில் வெங்காயமும் சுட்ட மிளகாயும் பிசைந்து தாளித்துவிடும் பச்சி புலுசு இருக்கிறது. நாம் புளிச்சக்கீரை என்று சொல்லும் கோங்கூராவின் பச்சடி இருக்கிறது. அரிசிமாவில் ஊறவைத்த கடலைப் பருப்பையும் எள்ளையும் வேர்க்கடலையையும் பிசைந்து, பாத்திரத்தின் அடியிலேயே அப்பித் தட்டி, விரலால் குழிகள் இட்டு எண்ணெய் விட்டு வேகவைக்கும் சர்வபிண்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோளமாவை வெந்நீரில் பிசைந்து கையாலேயே தட்டிச் சுடும் ஜொன்ன ரொட்டெ இருக்கிறது. செகந்திராபாத்தில் கண்டோன்மெண்ட் தோன்றிய காலந்தொட்டுக் குடியேறிய தமிழர்களின் வீடுகளிலோ, இட்டலியும் மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயும், வற்றல் குழம்பும், பருப்புத் துவையலும், புளியோதரையும், சுண்டலும் அன்றாடம் புழங்குகின்றன. மேலே ஒரு கரண்டி நெய்யும் கடைசியில் ஒரு கை தயிரும் வந்து சேராதவரை, இவையெல்லாம் பிராணிகளுக்குக் கடன்படாத உணவுகளே.

சமயச் சடங்குகளிலும் இந்த விந்தையைக் காணலாம். யுகாதியன்று வீடுதோறும் கரைக்கும் பச்சடியில் வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், உப்பு, காரம் என்று ஆறு சுவைகள் உண்டு. வாழ்க்கையின் இன்பதுன்பங்களைக் காட்டுவதற்காகச் சேர்த்த ஆறில் ஒன்றுகூடப் பிராணியிடமிருந்து வந்ததன்று. ரமலான் மாதத்து மாலைகளில் ஹலீம் அண்டாக்களைச் சுற்றி நகரமே திரண்டு நிற்கிறது என்பது உண்மை; ஆனால் பகல் முழுதும் பட்டினி கிடந்தவன் நோன்பு திறக்கிற முதற்கவளம் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீருமே. பகவத்கீதையில் கண்ணன் அடியாரிடம் கேட்பதும் இலை, பூ, கனி, நீர் என்ற நான்கை மட்டுந்தான். அறத்தைப் போதிக்கும் நோக்கம் இவற்றுள் இருந்ததென்று ஒருவர் சொல்லலாம்; எளிதிற் கிடைத்ததைக் கொண்டார்கள் என்று மற்றொருவர் சொல்லலாம்.

இரண்டாமவர் பக்கமே உண்மை அதிகமென்று நினைக்கிறேன். ஏனெனில் இந்த உணவுகளை வகுத்தவர் முனிவரல்லர். தக்காண பீடபூமியின் வறண்ட மண்ணும், வந்தால் வரும் வராவிட்டால் இல்லையென்கிற மழையுமே வகுத்தன. நகரத்துக்கு வெளியே பட்டான்செருவில் 1972 முதல் இயங்கிவருகிற, வறள்நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம் எந்தப் பயிர்களைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது என்று பார்த்தால், சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை என்று, மேலே சொன்ன சமையலறைகளின் சாமான் பட்டியலையே பார்த்தாற்போல் இருக்கும். அதிலும், ஸாலனுக்கு உயிராகிய மிளகாயும் உடலாகிய வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவை கடல் கடந்து வந்ததும், இந்த மண்ணில் வேரூன்றியதும், ஆட்டிறைச்சிக்கு அருகில் கிண்ணத்தில் அமர்ந்ததும் தற்செயல். அஹிம்சை அங்கே அழைக்கப்படாத விருந்தாளி.

இவ்வாறு பாலும் தேனும்கூட விலக்கிய உணவுமுறைக்கு ஒரு தனிப்பெயர் வேண்டுமென்று 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்ஸனும் அவருடைய சில நண்பர்களும் கருதி, வீகன் என்ற சொல்லை ஆக்கி, அதற்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார்கள். இக்காலத் தமிழர் அதை நனிசைவம் என்கிறார்கள். சொல் அழகியதுதான், ஆனால் அதற்குள் ஒரு சிக்கலும் உண்டு. சிவனை வழிபடும் சமயத்தின் பெயர் புலாலுண்ணாமையின் பெயராக நம்மிடையே மாறிப்போயிற்று. அந்தச் சைவத்தின் திருத்தொண்டர் அறுபத்துமூவருள் ஒருவராகிய கண்ணப்பரோ, திருக்காளத்தி மலையில் தாம் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைச் சுட்டு, வாயில் இட்டுச் சுவை பார்த்து, நல்லதாகத் தேர்ந்து இறைவனுக்குப் படைத்தவர். ஆகம முறைப்படி பூசித்த சிவகோசரியாருக்கு அது அநாசாரமாகத் தோன்றியது. இறைவனுக்கோ அன்பாகத் தோன்றியது என்கிறது பெரியபுராணம். கண்ணப்பருடைய படையலில் பொருள் குற்றமுடையது, உள்ளம் தூயது. ஸாலன் கிண்ணத்திலோ பொருள் தூயது, உள்ளம் என்பதே அங்கு இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அறம் பொருளில் இருக்கிறதா உள்ளத்தில் இருக்கிறதா என்ற பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது.

பௌத்தர்களுடைய மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற இல்லறத்தானைப் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. உடலால் செய்யும் தீவினையே மிகக் கொடியதென்பது நிகண்டர் என்று பௌத்தர் அழைத்த ஜைனர் பக்ஷம் என்றும், மனத்தால் செய்வதே மிகக் கொடியதென்பது புத்தர் பக்ஷம் என்றும் அதில் வழக்கு நடக்கிறது. முடிவில் உபாலி புத்தரைச் சரணடைகிறான். எண்ணமே கர்மம் என்ற அந்தக் கொள்கையின்படி பார்த்தால், எண்ணம் இல்லாத இடத்தில் வினையும் இல்லை, ஆகவே புண்ணியமும் இல்லை. ஆனால் தம்முடைய கொள்கையை எதிர்க்கட்சியார் எழுதிவைத்தபடி ஜைனர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். உமாஸ்வாதி தத்வார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, உயிர்போக்குதல் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தினால் உயிர்போக்குதல் என்கிறார். பிரமாதம் என்பது வடமொழியில் கவனமின்மை, உள்ளம் அயர்ந்திருத்தல். சாப்பாடு நன்றாக இருந்தால் நாம் 'பிரமாதம்' என்று சொல்லிக் கை கழுவுகிறோமே, அந்தச் சொல்லேதான். பொருள் எங்கேயிருந்து எங்கே போய்விட்டதென்பதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, சற்று வெட்கமும் வருகிறது. அமிர்தசந்திரர் என்ற ஆசாரியர் புருஷார்த்த ஸித்த்யுபாயம் என்னும் நூலில் இதற்கும் ஒரு படி மேலே போய், ஹிம்சை செய்வது மட்டுமன்று, ஹிம்சையை விட்டுவிடுவதாக உறுதி கொள்ளாதிருப்பதும் ஹிம்சையே என்று தீர்ப்புக் கூறிவிட்டார். ஸாலன் உண்டவன் அந்த நேரத்துக்கு எவ்வுயிரையும் வருத்தவில்லை என்பது உண்மையே. ஆனால் அடுத்த தட்டில் உள்ளதை அவன் விலக்கவுமில்லையே என்பது இந்த ஆசாரியரின் கேள்வி.

நம் வள்ளுவரும் இவ்விடத்தில் சங்கல்பத்தின் பக்கமே நிற்பதாகத் தோன்றுகிறது. வெகுளாமை என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குபவனே சினங் காத்தவன்; பலிக்காத இடத்தில் அதைக் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்று கேட்கிறார். இந்த அளவுகோலைச் சினத்திலிருந்து சோற்றுக்குப் பெயர்த்தால், கிடைக்கக்கூடிய இடத்தில் விலக்குபவனுடையதே விரதம்; கிடைக்காத இடத்தில் உண்ணாதிருப்பது வறுமையே ஒழிய அறமாகாது என்று முடியும்.

இதற்கு இந்த நகரமே கண்கண்ட உதாரணம். ஒரு காலத்தில் ஜொன்ன ரொட்டெ ஏழையின் உணவு. வறண்ட தெலங்காணத்துக் கிராமங்களிலிருந்து கல்லுடைக்கவும் மண்சுமக்கவும் வந்த தொழிலாளி மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது அந்த ரொட்டெயும் மிளகாய்க் காரமுமே. வெள்ளரிசிச் சோறு அவனுக்குப் பண்டிகைச் சமாசாரம். 1983-இல் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியபின் அரிசிச் சோறு அவனுடைய அன்றாட உணவாயிற்று. சோளம் தட்டைவிட்டு மெல்ல இறங்கிற்று. பிறகு நீரிழிவு நோய் வந்தது, வைத்தியர்கள் சோளத்தை உண்ணச் சொன்னார்கள், 2023-ஐச் சிறுதானிய ஆண்டென்று உலக நாடுகள் கூடி அறிவித்தன. இன்று மாலைவேளைகளில் ஹைதராபாத் சாலையோரங்களில் பெண்கள் அடுப்பு மூட்டி ரொட்டெ தட்டிக்கொண்டிருக்க, காரில் வந்து இறங்குகிறவர்கள் காத்திருந்து வாங்கிப்போகிறார்கள். மாவு அதே மாவு, ரொட்டெ அதே ரொட்டெ. அன்று அதை உண்டவனுக்கு வேறு வழியில்லை. இன்று உண்பவருக்கு வழிகள் ஆயிரம். வள்ளுவருடைய அளவுகோலின்படி முன்னவனுக்கு அறமில்லை, பின்னவருக்கு உண்டு என்று சொல்லிவிடலாமா? பின்னவர் விலக்கியது சர்க்கரையை, ஹிம்சையை அன்றே. ஆக, இருவருக்குமே புண்ணியக் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

இவ்வளவும் செய்பவன் பக்கத்திலிருந்து பார்த்த நியாயம். செய்பவனுடைய உள்ளத்தையே துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்த இந்த விசாரணையில், ஒரு சாட்சியை அழைக்கவே மறந்துவிட்டோம், அதுதான் ஆடு. வெட்டப்படாமல் மேய்ந்துகொண்டிருக்கிற ஆட்டுக்கு, தன்னை விட்டுவைத்தவன் விரதத்தால் விட்டானா, காசில்லாமல் விட்டானா, டாக்டருக்குப் பயந்து விட்டானா என்பதில் என்ன அக்கறை? அதற்கு வேண்டியது உயிர். புலால்மறுத்தலைப் பேசுமிடத்தில் வள்ளுவரே இந்தப் பக்கத்துக்கும் வந்து நிற்கிறார்: தின்பதற்காக உலகத்தார் கொள்ளாவிட்டால் விலைக்காக விற்பவரும் இருக்கமாட்டார் என்று அவர் காட்டும்போது, உண்பவனுடைய மனத்தை அவர் சோதிக்கவில்லை, சந்தையைப் பார்க்கிறார். தானே கொல்லாதவன் விலைக்கு வாங்கித் தின்றால் பாவமில்லை என்ற பௌத்தர் வாதத்தை நீலகேசி என்னும் தமிழ் ஜைன காவியம் மறுத்து வாதாடியதும் இந்த நியாயத்தைக் கொண்டுதான். சந்தைக்கு மனம் தெரியாது, தேவை மட்டுமே தெரியும். அந்தக் கணக்கில், ஸாலனோடும் பச்சி புலுசோடும் முடிந்த ஒவ்வொரு வேளைச் சோறும், சங்கல்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓர் உயிரின் பக்கத்தில் வரவாகவே பதிகிறது.

வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே மாதத்தில் சத்திய தருமச்சாலையை நிறுவி, அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரியும்படி செய்த வள்ளலார், ஜீவகாருண்யத்தைப் பசியிலிருந்து தொடங்கினார். பசித்தவனுடைய வயிற்றுக்கு, சோறிட்டவன் அன்பினால் இட்டானா புகழுக்காக இட்டானா என்ற விசாரணை இல்லை. துன்பப்படுகிற உயிரின் பக்கத்திலிருந்து அறத்தைத் தொடங்கினால், பயன்தான் முதலில் நிற்கிறது. செய்பவனுடைய பக்கத்திலிருந்து தொடங்கினால், எண்ணம் முதலில் நிற்கிறது. இரண்டும் மெய்யே. ஸாலன் கிண்ணத்தில் அறத்தின் பயன் இருக்கிறது, அறவோன்தான் இல்லை.

அறவோன் அந்த இடத்தில் வந்து அமரவேண்டுமானால் என்ன செய்யவேண்டும்? பாலையும் நெய்யையும் விலக்கினேன், ஆகவே நான் குற்றமற்றவன் என்று மார்தட்டினால் போதுமா? அதற்கும் நம் முன்னோர் இடம் கொடுக்கவில்லை. இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருக்கின்றன என்று மனுஸ்மிருதி எண்ணிச் சொல்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், நீர்க்குடம். எறும்பும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அவற்றில் அன்றாடம் மடிகின்றன. சோளத்தை விளைவித்த நிலத்தில் ஏர்முனையில் நசுங்கிய உயிர்களை யார் எண்ணினார்கள்? பிராணியின் பொருள் ஒரு துளியும் கலவாத நல்லெண்ணெயை, கண்ணைக் கட்டிய மாடு செக்கைச் சுற்றிச் சுற்றி நடந்துதானே நூற்றாண்டுகளாக நமக்கு ஆட்டிக் கொடுத்தது? எண்ணெயில் மாடு இல்லை. மாட்டின் உழைப்பு இருந்தது. ஆகவே முற்றும் களங்கமற்ற கவளம் என்று ஒன்று இவ்வுலகில் கிடையாது. களங்கம் குறைந்தது உண்டு, கூடியது உண்டு. அந்த ஐந்து கொலைகளுக்கும் பிராயச்சித்தமாக ஸ்மிருதி விதித்ததும் பட்டினியை அன்று. தேவர், பிதிரர், ரிஷிகள், பிற உயிர்கள், விருந்தினர் ஆகிய ஐவருக்கும் தினந்தோறும் செய்யவேண்டிய ஐந்து வேள்விகளை.

இவ்விஷயத்தில் தம் மனத்தைத் தாமே குறுக்குவிசாரணை செய்துகொண்டவர் காந்தியடிகள். 1912-இல், தென்னாப்பிரிக்காவிலே டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, அவர் பாலை விட்டார்; பசுவையும் எருமையையும் வருத்திப் பால் கறக்கிற கொடுமைகளைப் பற்றி அறிந்ததும் அதற்கு ஒரு காரணம். 1918-இல் கேடா ஜில்லாவில் அலைந்து திரிந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு வந்து மரணத்தின் வாயில்வரை போனார். விரதம் எடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தது பசுவும் எருமையுந்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபாய் கேட்க, அவர் இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காத்து ஆவியைக் கொன்றுவிட்டேன் என்ற வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. தம் சுயசரிதையில் உலகறிய எழுதிவைத்தார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ஆட்டுப்பால் அருந்திய காந்தியும், பால் வாங்க வகையில்லாமல் வரக்காப்பி குடித்த கூலியாளும் எதிரெதிரே நிற்கிறார்கள்: ஒருவரிடம் எண்ணம் இருந்தது, செயல் தவறியது, மற்றவரிடம் செயல் இருந்தது, எண்ணம் இல்லை. முன்னவருடைய தவற்றை அறமென்று நாம் மதிப்பதற்கு ஒரே காரணம், அவர் விழித்திருந்தார் என்பதே. உமாஸ்வாதி பிரமாதம் என்று சுட்டிய அந்த அயர்வு அவரிடம் இல்லை.

ஆகவே என் முடிவு இது. நம்முடைய அன்றாட உணவில் ஹிம்சை குறைந்த பகுதி எவ்வளவோ உண்டு. அது நாம் சம்பாதித்த புண்ணியமன்று, வறண்ட நிலமும் ஏழைகளின் கைகளும் நமக்கு விட்டுச்சென்ற பிதிரார்ஜிதம். பிதிரார்ஜிதத்தைத் தன் சம்பாத்தியமென்று சொல்லிக்கொள்பவன் பொய்யன். இருப்பதே தெரியாமல் இருப்பவன் பேதை. அதை அறிந்து நன்றியுடன் எடுத்தாளுகிறவன் கையில்தான் அது அறமாக மாறுகிறது. அப்படி அறிந்தவனுடைய முதல் அடையாளம், பக்கத்து இலையில் இருப்பதைக் கண்டு முகஞ்சுளிப்பதாக இராது. பகுத்துண்டு பல உயிர்களையும் காப்பதே அறநூல்கள் தொகுத்தவற்றுள் தலையானதென்று, கொல்லாமையைப் பேசும் அதிகாரத்திலேயே வள்ளுவர் வைத்திருப்பதை அவன் உணர்ந்திருப்பான்.

அறிவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? உள்ளங்கையில் சிறிது நீரெடுத்து இலையைச் சுற்றிப் பரிசேஷணம் செய்கிற நேரம் போதும். பழைய நகரத்துக் கலியாண விருந்தில் பாய் விரித்து உட்கார்ந்தவர் முதற்கவளத்துக்கு முன் 'பிஸ்மில்லா' என்று சொல்லுகிற நேரம் போதும். இந்த உணவு எங்கிருந்து வந்தது, இதில் யாருடைய உயிர் போயிற்று, யாருடைய உயிர் பிழைத்தது, யாருடைய உழைப்பு அரைபட்டது என்று நினைத்துப் பார்ப்பதற்கென்றே பெரியோர்கள் ஒழித்துவைத்த நேரம் அது. நாமோ அதையும் அவசரத்தில் விட்டுவிட்டு, உண்டு முடித்தபின் 'பிரமாதம்' என்கிறோம். வாசகர்கள் இன்றிரவு சோற்றில் கைவைக்குமுன் ஒரு கணம் தாமதிக்க வேண்டுகிறேன். இலையில் இருப்பது ஸாலனாயினும் வற்றல் குழம்பாயினும், அந்த ஒரு கணத்துக்குப் பிறகு அது வெறும் குழம்பாக இராது.